அழிந்த வெப்சைட் ஃபைல்களை ஹோஸ்டிங் பேக்கப்பிலிருந்து மீட்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தளத்தின் ஃபைல்கள் காணாமல் போய்ப் பதறி வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்வது), சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனல்), வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களை நினைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். சிறு பத்திரிகைகள், கடைகள், பள்ளிகள், தனிமனிதர்கள் நடத்தும் தமிழ்த் தளங்களில் இந்தக் கூட்டணிதான் அதிகம். அவசரத்தில் வந்தவர்கள் முதல் இரண்டு பதில்களை மட்டுமாவது முழுதாகப் படித்துவிட்டுப் பேனலைத் தொடுங்கள்.

ஃபைல்கள் போய்விட்டன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

இப்போது இருக்கும் நிலையை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். பாதி அழிந்த தளத்தைப் பிரதி எடுத்து என்ன பயன் என்று தோன்றும். ஆனால் ரீஸ்டோர் செய்யும்போது, அதாவது பேக்கப்பிலிருந்து திரும்ப வைக்கும்போது, பழையது புதியதன் மேல் எழுதப்படுகிறது. பேக்கப் எடுத்த நேரத்துக்குப் பிறகு நீங்கள் சேர்த்த கட்டுரை, மாற்றிய படம், வந்த ஆர்டர் எல்லாம் அந்த ஒரு அழுத்தலில் போகலாம். சிபேனலில் ரீஸ்டோரைத் திரும்பப் பெற வழி கிடையாது. கையில் பிரதி இருந்தால் தவறு நடந்தாலும் இந்த இடத்துக்காவது திரும்பி வரலாம்.

சிபேனலின் ஃபைல் மேனேஜரைத் திறந்து, தளத்தின் ஃபைல்கள் இருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் (public_html) ஃபோல்டரை கம்ப்ரஸ் செய்து உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்குங்கள். டேட்டாபேஸைக் கையாளும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் (phpMyAdmin) டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து அதையும் இறக்குங்கள். கம்ப்ரஸ் செய்த ஃபைலைப் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். அதற்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. முகவரியை ஊகித்தால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, தானாக ஓடும் பேக்கப்புகளை நிறுத்துங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசி 3 பிரதிகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படி ஒரு பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) அமைத்திருந்தால், அது இன்று இரவு வெறும் தளத்தைப் பேக்கப் எடுத்துவிட்டு, நல்ல பிரதிகளில் ஒன்றைக் கழித்துவிடும். மூன்று இரவு போனால் நல்ல பிரதி ஒன்றுகூட மிஞ்சாது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் பேக்கப்பும் இப்படித்தான் சுழல்கிறது. அதை உங்களால் நிறுத்த முடியாது என்பதால், அழிந்தது தெரிந்த அன்றே அவர்களுக்கு எழுதுங்கள்.

உண்மையிலேயே ஃபைல்கள் அழிந்துவிட்டனவா என்று எப்படி உறுதி செய்வது?

தளம் திறக்கவில்லை என்பதும் ஃபைல் போய்விட்டது என்பதும் வேறு வேறு. ஃபைல் மேனேஜருக்குள் போய்க் கண்ணால் பாருங்கள். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தால் பேக்கப்பைத் தொடவே தேவையில்லை.

டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்று செய்தி வந்தால், ஃபைல்கள் இருக்கின்றன, பாஸ்வேர்டோ டேட்டாபேஸ் சர்வரோ சரியில்லை என்று பொருள். ஹோஸ்டிங் நிறுவனத்தின் வரவேற்புப் பக்கம் தெரிந்தால், டொமைன் வேறு ஃபோல்டரையோ வேறு சர்வரையோ காட்டிக்கொண்டிருக்கலாம். ஃபைல்களின் பட்டியல் மட்டும் தெரிந்தால் இன்டெக்ஸ் ஃபைல் ஒன்றுதான் போயிருக்கிறது. முகப்பு திறந்து உள்பக்கங்கள் மட்டும் 404 காட்டினால் முகவரிகளைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடும் எச்டிஆக்சஸ் (.htaccess) ஃபைல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜரில் சாதாரணமாகத் தெரியாது. செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதை டிக் செய்தால் தெரியும். உண்மையிலேயே இல்லையென்றால், வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதியில் பெர்மாலிங்க் (பக்க முகவரிகளின் அமைப்பு) பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமித்தாலே பெரும்பாலும் அது புதிதாக எழுதிக்கொள்ளும்.

ஃபைல் மேனேஜரில் டெலீட் செய்தேன். குப்பைத்தொட்டி உண்டா?

உண்டு. சிபேனல் ஃபைல் மேனேஜரில் அழிப்பவை ஹோம் டைரக்டரியில் (உங்கள் அக்கவுண்டின் மேல்நிலை ஃபோல்டர்) உள்ள டிராஷ் ஃபோல்டருக்குப் போகின்றன. மேலே உள்ள வியூ டிராஷை அழுத்தி, வேண்டியதைத் தேர்ந்து, ரீஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். அழிக்கும்போது நிரந்தரமாக நீக்கு என்ற பெட்டியை டிக் செய்திருந்தால் அங்கே வராது.

ஃபைல்ஸில்லா வழியாக அழித்தேன். அதுவும் டிராஷில் இருக்குமா?

இருக்காது. ஃபைல்ஸில்லா போல ஃபைல்களை ஏற்றி இறக்கும் எஃப்டிபி வழியாகவோ, சர்வருக்கு நேரடியாகக் கொடுக்கும் எஸ்எஸ்எச் கட்டளையாலோ, ஒரு பிளகினாலோ அழிக்கப்பட்டவை நேரே போய்விடும். பேக்கப்தான் வழி.

சிபேனலில் பேக்கப் எங்கே இருக்கிறது? எனக்குப் பல ஐகான்கள் தெரிகின்றன.

ஃபைல்ஸ் பகுதியில் பாருங்கள். அங்கே உள்ளவை ஒரே வேலையைச் செய்வதில்லை.

பேக்கப், பேக்கப் விசார்டு இரண்டும் நீங்களே பேக்கப் எடுத்து இறக்கவும், இறக்கியதை மீண்டும் ஏற்றவும் உள்ளவை. முன்பே நீங்கள் எடுத்து வைக்கவில்லை என்றால் அங்கே உங்களுக்கென்று காத்திருப்பது பெரும்பாலும் எதுவும் இல்லை.

ஃபைல் அண்ட் டைரக்டரி ரெஸ்டொரேஷன் என்பது ஹோஸ்டிங் நிறுவனம் எடுத்த பேக்கப்பிலிருந்து தனித்தனி ஃபைலையோ ஃபோல்டரையோ எடுத்துத் தருவது. நிறுவனம் இயக்கி வைத்திருந்தால்தான் ஐகான் தெரியும்.

ஜெட்பேக்கப் என்பது தனி மென்பொருள். சிபேனலோடு சேர்த்துப் பல நிறுவனங்கள் தருகின்றன. அது இருந்தால் அதையே முதலில் திறங்கள். முழு அக்கவுண்ட், ஹோம் டைரக்டரி, டேட்டாபேஸ், மின்னஞ்சல் என்று தனித்தனியாகத் தேதிவாரியாகக் காட்டும்.

சாஃப்டாகுலஸ் (மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) வழியாக வேர்ட்பிரஸ் நிறுவியவர்கள் அதற்குள்ளும் ஒரு முறை பாருங்கள். நிறுவும்போது தானியங்கி பேக்கப்பைத் தேர்ந்திருந்தால் அங்கே இருக்கும். இடம் மாற்றி அமைக்காதவரை அது உங்கள் அக்கவுண்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. அக்கவுண்ட் போனால் அதுவும் போகும்.

ஒரே ஒரு ஃபோல்டர்தான் போனது. முழுத் தளத்தையும் ரீஸ்டோர் செய்ய வேண்டுமா?

கூடாது. எது போனதோ அதை மட்டும் எடுங்கள். ஒரு தீம் ஃபைலுக்காக அக்கவுண்ட் முழுவதையும் பின்னோக்கி இழுத்து, இடைப்பட்ட நாட்களின் மின்னஞ்சலையும் ஆர்டரையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது மிகவும் பொதுவாக நடக்கிறது. முழு ரீஸ்டோர் பட்டன் பெரிதாகவும் எளிதாகவும் இருப்பதே காரணம்.

ஜெட்பேக்கப்பில் ஹோம் டைரக்டரி பேக்கப்பைத் திறந்தால் ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போகலாம். போனது படங்கள் என்றால் டபிள்யூபி-கான்டென்டுக்குள் அப்லோட்ஸ், அதற்குள் ஆண்டு, மாதம் வரை போய் அதை மட்டும் டிக் செய்யுங்கள். வேலை வரிசையில் சேரும். சர்வரின் சுமையைப் பொறுத்து நேரம் எடுக்கும். முடியும்வரை காத்திருங்கள். தாமதமாகிறதே என்று மீண்டும் மீண்டும் அழுத்தினால் அதே வேலை திரும்பத் திரும்ப ஓடும்.

இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. ரீஸ்டோர் செய்யாமல் டவுன்லோட் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் விரித்து, உள்ளே வேண்டியது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் ஏற்றுங்கள். கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆனால் எது எதன் மேல் எழுதப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்தே நடக்கும். நேரம் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

வேர்ட்பிரஸின் மூல ஃபைல்களுக்குப் பேக்கப்பைத் தேடவே வேண்டாம். அதே பதிப்பை வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம். இலவசத் தீம், பிளகின்களுக்கும் இது பொருந்தும். வேறெங்கும் கிடைக்காதவை அப்லோட்ஸ் ஃபோல்டர், டேட்டாபேஸ் இணைப்பு விவரங்கள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைல், நீங்கள் கைவைத்து மாற்றிய தீம், பிறகு டேட்டாபேஸ்.

ஃபைல்களை மீட்டால் கட்டுரைகளும் திரும்பி வருமா?

ஃபைல் என்றும் டேட்டாபேஸ் என்றும் இரண்டு தனிப் பொருள்கள் இருக்கின்றன என்பது புரியாததால்தான் மீட்புகள் பெரும்பாலும் குளறுபடி ஆகின்றன.

வேர்ட்பிரஸில் நீங்கள் எழுதிய கட்டுரை, பக்கம், கருத்துகள், பயனர்கள், அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. படங்கள், தீம், பிளகின் ஆகியவை ஃபைல்களாக ஃபோல்டரில் இருக்கின்றன. பப்ளிக் எச்டிஎம்எல் முழுவதையும் அழித்துவிட்டாலும் உங்கள் கட்டுரைகள் பத்திரமாக இருக்கும். இதைக் கேட்டதும் பலருக்குப் போன உயிர் திரும்பி வரும். அப்போது டேட்டாபேஸை ரீஸ்டோர் செய்யவே வேண்டாம், செய்தால்தான் இழப்பு.

இரண்டையும் வெவ்வேறு தேதியிலிருந்து எடுத்தால் சிறு பிசிறுகள் வரும். டேட்டாபேஸ் பழையது, ஃபைல்கள் புதியவை என்றால், படம் ஃபோல்டரில் இருக்கும், மீடியா பகுதியில் தெரியாது. மாறாக இருந்தால் கட்டுரையில் படத்தின் இடம் உடைந்து தெரியும். மூலப் படங்கள் மட்டும் கிடைத்து, வேர்ட்பிரஸ் உருவாக்கும் சிறிய அளவுகள் போயிருந்தால், தம்ப்நெயில்களை மீண்டும் உருவாக்கும் பிளகினே போதும்.

டபிள்யூபி-கான்ஃபிக்கைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்த பிறகு டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வந்தால், இடையில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. சிபேனலில் அந்தப் பயனருக்குப் புதுப் பாஸ்வேர்டு வைத்து, அதையே கான்ஃபிக் ஃபைலிலும் எழுதுங்கள்.

டேட்டாபேஸும் கெட்டுவிட்டது. அதை எப்படிப் பத்திரமாக மீட்பது?

இருக்கும் டேட்டாபேஸின் மேல் இம்போர்ட் செய்யாதீர்கள். சிபேனலில் புதிதாக ஒரு வெற்று டேட்டாபேஸ் உருவாக்கி, பயனரை அதில் சேர்த்து, பேக்கப்பை அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். பிறகு டபிள்யூபி-கான்ஃபிக்கில் டேட்டாபேஸின் பெயர் உள்ள வரியை மட்டும் மாற்றுங்கள். தளம் சரியாக வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த ஒரு வரியைப் பழையபடி எழுதினால் முன்னிருந்த நிலைக்குப் போய்விடலாம். எதுவும் அழியாது.

பிஎச்பிமைஅட்மினில் ஃபைல் அளவுக்கு வரம்பு உண்டு. இம்போர்ட் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதைவிடப் பெரிய டேட்டாபேஸ் என்றால் ஜிசிப் முறையில் கம்ப்ரஸ் செய்து ஏற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எஸ்எஸ்எச் தேவை, அல்லது ஹோஸ்டிங் ஆட்களிடம் ஃபைலைக் கொடுத்து ஏற்றச் சொல்லலாம்.

என் தளத்தில் ஆன்லைன் கடை இருக்கிறது. ஆர்டர்கள் போய்விடுமா?

டேட்டாபேஸைப் பின்னோக்கி ரீஸ்டோர் செய்தால் போகும். வேர்ட்பிரஸ் கடைகளுக்கான பிளகினான வூகாமர்ஸின் ஆர்டர்கள் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார், உங்களிடம் ஆர்டர் இல்லை என்ற நிலை வரும். ஃபைல் மட்டும் போயிருந்தால் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் ஆர்டர்களை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, பேமென்ட் கேட்வேயின் கணக்கிலிருந்து அந்தக் காலத்துப் பரிவர்த்தனைகளையும் இறக்கி ஒப்பிடுங்கள். வந்த ஆர்டர்களின் மின்னஞ்சல் அறிவிப்புகளும் உதவும்.

ரீஸ்டோர் ஆனது. தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக, கிறுக்கலாகத் தெரிகிறது. ஏன்?

தமிழ்த் தளங்களில் இது அடிக்கடி வருகிறது, பொதுவான உதவிப் பக்கங்களில் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். பேக்கப் எடுக்கும்போதோ ஏற்றும்போதோ இணைப்பு லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய எழுத்து முறையில் இருந்தால், அந்த 3 பைட்டும் 3 தனி எழுத்துகளாகப் படிக்கப்படுகின்றன. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி அமைந்திருக்கும் இடம் காரணமாக, அந்தக் கிறுக்கலுக்கு ஓர் அடையாளம் உண்டு: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வரும். இது தெரிந்தால் நிம்மதியாக இருங்கள். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. தவறாகப் படிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். டேட்டாபேஸ் பேக்கப்பான எஸ்க்யூஎல் ஃபைலை நல்ல டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காக இருந்தால், புது டேட்டாபேஸ் உருவாக்கி, இம்போர்ட் பக்கத்தில் எழுத்து முறையை யுடிஎஃப்-8 என்று தேர்ந்து மீண்டும் ஏற்றினால் சரியாகிவிடும். ஃபைலுக்குள்ளேயே கிறுக்கலாக இருந்தாலும் திருப்ப வழி உண்டு. அதற்கு டேட்டாபேஸ் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும்.

வெறும் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் நிலைமை வேறு. எழுத்தை அந்த முறையில் எழுத இடமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த டேட்டாபேஸில் மூல எழுத்து இல்லை. பேக்கப் ஃபைலைத் திறந்து பாருங்கள். அதில் தமிழ் இருந்தால் ஏற்றிய விதத்தில்தான் கோளாறு, மறுபடி ஏற்றலாம். அதிலும் கேள்விக்குறி என்றால் வேறு தேதிப் பேக்கப்பைத் தேட வேண்டும்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்-8 என்ற பெயரில் வெகுகாலம் இருந்தது 3 பைட் வரை மட்டுமே கொள்ளும். தமிழ் அதில் அடங்கும், 4 பைட் எடுக்கும் எமோஜி அடங்காது. கட்டுரை ஒரு எமோஜியின் இடத்தில் திடீரென்று வெட்டுப்பட்டு நின்றால் இதுதான் காரணம். யுடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தால் இரண்டும் தங்கும். வேர்ட்பிரஸ் 2015-இல் 4.2 பதிப்பிலிருந்து அதற்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய பழைய வலைப்பதிவுகளின் பேக்கப்பில் இன்னும் பழைய முறையைக் காணலாம்.

படங்கள் சர்வரில் இருக்கின்றன, ஆனாலும் தளத்தில் தெரியவில்லை. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு மட்டும் இப்படி.

இதுவும் தமிழுக்கே உரிய கோளாறு. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாக எழுத முடியும்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுதான். பழைய மேக் கம்ப்யூட்டர்களின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை ஃபைல் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். பேக்கப்பை அப்படிப்பட்ட மேக்கில் விரித்து மீண்டும் ஏற்றினால், "கோயில்" என்ற பெயரில் உள்ள படம் லினக்ஸ் சர்வரைப் பொறுத்தவரை வேறு பெயராகிவிடுகிறது. டேட்டாபேஸ் பழைய பெயரைக் கேட்கிறது. சர்வர் இல்லை என்கிறது.

விண்டோஸில் சிப் ஃபைலை விரித்து ஏற்றும்போதும் தமிழ்ப் பெயர்கள் சிதைவதுண்டு. இரண்டுக்கும் ஒரே தீர்வு: கம்ப்ரஸ் செய்த பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டரில் விரிக்காமல் அப்படியே சர்வருக்கு ஏற்றி, ஃபைல் மேனேஜரில் எக்ஸ்ட்ராக்ட் கொடுங்கள். இனி வரும் படங்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். தமிழில் பெயர் வைப்பது எனக்கும் பிடித்தமானதுதான், ஆனால் மீட்கும் நாளில் அது கூடுதல் வேலை.

என்னிடம் முழு பேக்கப் ஃபைல் இருக்கிறது. சிபேனலில் ஏற்றும் இடமே இல்லையே?

முழு பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும் அதிகாரம் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருக்கிறது, உங்கள் சிபேனலில் இல்லை. ஹோம் டைரக்டரி, டேட்டாபேஸ் என்று பகுதி பகுதியாக எடுத்தவற்றை மட்டுமே நீங்களே ஏற்ற முடியும்.

ஆனாலும் முழு பேக்கப்பை விரித்து உள்ளிருப்பதைப் பயன்படுத்தத் தடையில்லை. உள்ளே ஹோம்டிர் என்ற பெயரில் உங்கள் ஃபைல்களும், மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் டேட்டாபேஸும் இருக்கும். பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளியே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அங்கே விரித்து, வேண்டியதை நகர்த்துங்கள்.

ரீஸ்டோர் செய்த பிறகு 403 அல்லது 500 பிழை வருகிறது.

ஃபைல்களை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண்களைப் பாருங்கள். ஃபோல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644 என்பது வழக்கம். எதற்கு வம்பு என்று 777 கொடுத்துவிடாதீர்கள்; பல சர்வர்களில் அதுவே 500 பிழைக்குக் காரணம், பாதுகாப்புக்கும் கேடு. எண்கள் சரியாக இருந்தும் 403 வந்தால் ஃபைல்களின் உரிமையாளர் மாறியிருக்கலாம். அதை ஹோஸ்டிங் ஆட்கள்தான் சரிசெய்ய முடியும்.

மீட்ட பிறகும் பழைய பிழைப் பக்கமே தெரிகிறது.

கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய பிரதி. கேஷ் பிளகின், லைட்ஸ்பீடு, கிளவுட்ஃபிளேர் எது இருந்தாலும் காலி செய்துவிட்டு, பிரவுசரின் மறைமுக ஜன்னலில் பாருங்கள்.

பாதியில் ரீஸ்டோர் நின்றுவிட்டது.

இடம் நிறைந்திருக்கும். 4 ஜிபி தளத்தின் பேக்கப்பை அதே அக்கவுண்டில் விரிக்க, பேக்கப் ஃபைலுக்கும் விரிந்த ஃபைல்களுக்கும் சேர்த்து இடம் வேண்டும். டிராஷ், பழைய பேக்கப்புகள், பிழைப் பதிவு ஃபைல்கள் ஆகியவற்றை முதலில் கம்ப்யூட்டருக்கு இறக்கி, பிறகு நீக்குங்கள். இடம் இருந்தும் நின்றால் ஐநோட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஃபைல்களின் எண்ணிக்கைக்கான வரம்பு, அளவுக்கானது அல்ல.

தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். பழைய பேக்கப்பைப் போட்டால் போதுமா?

போதாது. முதலில், உள்ளே நுழைந்தது எப்போது என்று கண்டுபிடியுங்கள். தளம் கெட்டுத் தெரிந்த நாளுக்கு வெகு முன்பே திருட்டு ஃபைலை வைத்திருப்பார்கள். மாறிய தேதிவாரியாக ஃபைல்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் பிஎச்பி ஃபைல் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அது படங்களுக்கான இடம். அந்தத் தேதிக்கு முந்தைய பேக்கப்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிபேனலில் ஹோம் டைரக்டரி பேக்கப்பை ஏற்றினால், பேக்கப்பில் உள்ளவை எழுதப்படும். பேக்கப்பில் இல்லாத புதிய ஃபைல்கள் அப்படியே நிற்கும். ஹேக்கர் வைத்த ஃபைல் புதியது என்பதால் அதுவும் நிற்கும். எனவே பழைய பப்ளிக் எச்டிஎம்எல்லின் பெயரை மாற்றி, அதன் அனுமதியை 700 ஆக்கி ஒதுக்கிவிட்டு, வெற்று ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

பிறகு சிபேனல், எஃப்டிபி, டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் நிர்வாகி என எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். கான்ஃபிக் ஃபைலில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். தெரியாத நிர்வாகிகள், தெரியாத கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இருக்கின்றனவா என்று பாருங்கள். நுழைந்த வழி பழைய பிளகின் என்றால், அதைப் புதுப்பிக்காமல் தளத்தைத் திறந்தால் மீண்டும் வருவார்கள்.

என் பேனல் சிபேனல் இல்லை. பிளெஸ்க், டைரக்ட்அட்மின் என்றால்?

பிளெஸ்கில் தளத்தின் ஃபைல்கள் எச்டிடிபிடாக்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். பேக்கப் மேனேஜரில் தேதியைத் திறந்து, முழுவதையும் அல்லாமல் தேர்ந்தவற்றை மட்டும் மீட்கலாம். டைரக்ட்அட்மினில் டொமைன்ஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு டொமைனுக்கும் தனிப் பப்ளிக் எச்டிஎம்எல் உண்டு. பேக்கப்பை உருவாக்குவதும் மீட்பதும் ஒரே பக்கத்தில். மேலே சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் இவற்றுக்கும் பொருந்தும்.

ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதும்போது என்ன சொல்ல வேண்டும்?

"சைட் ஒர்க் ஆகல, ப்ளீஸ் ஹெல்ப்" என்று எழுதினால் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பதிலேயே ஒரு நாள் போய்விடும். டொமைன், அக்கவுண்ட் பெயர், போன ஃபோல்டரின் முழுப் பாதை, கடைசியாக அது இருந்தது உங்களுக்குத் தெரிந்த தேதி, நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். நேரத்தோடு இந்திய, இலங்கை நேரம் என்றும் குறிப்பிடுங்கள். பல சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. பேக்கப் பட்டியலில் 2 மணி என்று இருப்பது நமக்குக் காலை 7.30 ஆக இருக்கலாம். காலை 6 மணிக்கு அழித்திருந்தால் அந்தப் பேக்கப்பில் ஃபைல் இருக்காது.

முக்கியமாக ஒரு வரி: இருக்கும் ஃபைல்களின் மேல் எழுத வேண்டாம், தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து கொடுங்கள். இதை எழுதாவிட்டால் முழு அக்கவுண்டையும் பின்னோக்கிப் போட்டுவிட்டு முடிந்தது என்று பதில் அனுப்பக்கூடும்.

பேக்கப்பே இல்லை என்கிறார்கள். இனி வழி?

உங்கள் கம்ப்யூட்டர், பழைய லேப்டாப், தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர், மின்னஞ்சலில் அனுப்பிய பிரதிகள், கூகுள் டிரைவ் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். கட்டுரைகளை மின்னஞ்சலில் பெறும் வாசகர்கள் இருந்தால் அவர்களிடம் முழு உரை இருக்கும்.

இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அது 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவருகிறது. எல்லாப் பக்கங்களும் இருக்கும் என்ற உறுதி இல்லை. முகப்பு கிடைத்து உள்பக்கம் கிடைக்காமல் போகலாம், படங்கள் விட்டுப் போகலாம். ஆனால் வருடக்கணக்கில் எழுதிய ஒருவருக்கு அங்கே கிடைக்கும் பாதிகூடப் பெரிது. கூகுள் கேஷில் தேடச் சொல்லும் பழைய அறிவுரை இனி உதவாது. அந்த இணைப்பை 2024-இல் கூகுள் நீக்கிவிட்டது.

ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது. நான் தனியாக எடுக்க வேண்டுமா?

கட்டாயம். அவர்களுடைய விதிமுறைகளைப் படியுங்கள். பேக்கப் ஓர் உபகாரம் என்றும், உத்தரவாதம் இல்லை என்றும், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய அக்கவுண்டுகள் பேக்கப்பில் சேராது என்றும் பல நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசின் கிளவுட் சேவை ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்) தாக்குதலுக்கு ஆளானபோது, சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவு மீட்க முடியாமல் போனது. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. பெரிய இடங்களிலேயே இப்படி என்றால், மாதம் சில நூறு ரூபாய் ஹோஸ்டிங்கை நம்பி ஒரே பிரதியோடு இருக்க வேண்டாம்.

வாரம் ஒரு முறை எழுதும் தளத்துக்கு வாரம் ஒரு பேக்கப் போதும். தினம் ஆர்டர் வரும் கடைக்குத் தினமும் வேண்டும். ஒரு பிரதி கூகுள் டிரைவ் போன்ற வேறு இடத்தில், ஒன்று உங்கள் கையில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில்.

எடுத்த பேக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ரீஸ்டோர் செய்து பார்ப்பதுதான் ஒரே வழி. மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பல வகைப் பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸின் பதிப்புக்கும் பேக்கப் கருவியின் பதிப்புக்கும் பொருந்தாததால் தினசரிப் பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் பிரதி) காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் நமக்கு இதெல்லாம் தெரிகிறது.

உங்கள் தளத்துக்கு ஒரு சப்டொமைன் உருவாக்கி, பாஸ்வேர்டு போட்டு மறைத்து, அதில் பேக்கப்பை விரித்துப் பாருங்கள். தமிழ் ஒழுங்காக வருகிறதா, தமிழ்ப் பெயருள்ள படங்கள் திறக்கின்றனவா, பழைய கட்டுரை ஒன்று முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்க நேரமில்லாதபோது பேக்கப் ஃபைலின் அளவையாவது கவனியுங்கள். போன மாதம் 900 எம்பி இருந்தது இந்த மாதம் 20 எம்பி என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் வருடக்கணக்கில் எழுதிய தளம் இப்போது திறக்கவில்லை. மீட்க முடியுமா?

எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹோஸ்டிங் கட்டணம் நின்றதும் பெரும்பாலும் அக்கவுண்டை முதலில் முடக்கி வைக்கிறார்கள், சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் ஃபைல்களை நீக்குகிறார்கள். அவருடைய மின்னஞ்சலில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரையும் பில் எண்ணையும் தேடி எடுத்து, இறப்புச் சான்றிதழோடு இன்றே எழுதுங்கள். நிலுவையைக் கட்டினால் பல இடங்களில் அக்கவுண்டை அப்படியே திறந்துவிடுவார்கள்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் தனித்தனி. டாட் காம் போன்ற டொமைன் காலாவதியானால் பதிவு நிறுவனம் வழக்கமாகச் சில வாரம் அவகாசம் தரும். அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலம்; அதில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பிறகு 5 நாளில் பெயர் பொதுவில் போய்விடும். இரண்டையும் காப்பாற்றப் பணமில்லை என்றால் ஹோஸ்டிங்குக்கு முதலில் கட்டுங்கள். எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. அக்கவுண்ட் திறந்ததும் முழு பேக்கப்பை எடுத்து இறக்கிவிட்டு, அதன் பிறகு டொமைனைப் பற்றி யோசிக்கலாம்.